ஜெசிந்தாவின் கிருமிகள்

ஜனவரி 8

டாக்டர் மெஹருன்னிஸா இன்று எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார். தினமும் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறேன், ரத்தம் உண்டா, என்ன சாப்பிட்டேன், மனது எப்படி இருந்தது, இவற்றை எழுதி மாதம் ஒருமுறை கோயம்புத்தூருக்குக் கொண்டுவர வேண்டுமாம். சுலோச்சனா வழியிலேயே இந்த நோட்டை வாங்கிவிட்டாள். இருநூறு பக்கம். அவ்வளவு நாள் எழுத வேண்டியிருக்கும் என்று என் மனைவி நினைக்கிறாள் போலிருக்கிறது.

முதல் பக்கத்தில் நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். வையாபுரி, வயது ஐம்பத்து மூன்று, ஈரோடு. பெருங்குடலில் புண் நோய். ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் ரயில் எஞ்சின் டிரைவர், பெரும்பாலும் சரக்கு வண்டி. இரண்டரை வருடம் முன்பு ரயில்வே டாக்டர் எஞ்சினுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். நான் ஓட்டிய எஞ்சின் எதிலும் கழிப்பறை கிடையாது. இப்போது புக்கிங் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்த அசிஸ்டென்ட் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

இன்று: பதினோரு முறை. ரத்தம் உண்டு. ரசம் சாதம், பிரெட். மனது: ஒன்றும் இல்லை.

ஜனவரி 9

ஒன்பது முறை. ரத்தம் உண்டு. இட்லி, மோர். மனது: பரவாயில்லை.

ஏழு இருபதுக்கு இரட்டை எஞ்சின் வைத்த சரக்கு வண்டி ஒன்று சேலம் பக்கம் போனது. ஐம்பத்தெட்டு வேகன். வீட்டிலிருந்து தண்டவாளம் நானூறு மீட்டர். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, காதில் விழுந்தது.

ஜனவரி 17

பன்னிரண்டு முறை. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தாலே இப்படி ஆகிவிடுகிறது.

டாக்டர் இன்று நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். என் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றனவாம். எல்லோருக்கும் இருக்குமாம். குழந்தைப் பருவத்திலேயே உடம்பு அவற்றோடு பழகிக்கொள்கிறது. இவை நம் ஆட்கள் என்று எதிர்ப்புச் சக்தி ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறது. என் விஷயத்தில் நல்ல கிருமிகளின் கூட்டம் குறைந்து, கலவையே மாறிவிட்டது. உடம்பும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பகை என்று அடிக்கிறது.

"அடி கிருமி மேல மட்டும் விழாதுங்க. உங்க குடல் மேலயும் விழுது. அந்தப் புண்தான் இது" என்றார்.

இதுவரை கொடுத்த மருந்தெல்லாம் அடிக்கிற கையைக் கட்டிப்போடும் மருந்துதான். இன்னொரு வழி, ஆரோக்கியமான ஒருவரின் குடல் கிருமிகளையே எனக்குள் குடியேற்றிப் பார்ப்பது. அதாவது அவருடைய மலத்தை உப்புத் தண்ணீரில் கலந்து, வடிகட்டி, குழாய் வழியாக என் பெருங்குடலுக்குள் செலுத்துவது. நாற்பது பேருக்குச் செய்திருக்கிறார்கள், பாதிப் பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, உறுதி சொல்ல முடியாது என்றார். ஆறு தடவை செய்ய வேண்டும்.

சுலோச்சனா உடனே, "நான் குடுக்கறனுங்க டாக்டர்" என்றாள். நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 24

சுலோச்சனாவுக்கு ஆகாது. சர்க்கரை இருக்கிறது, பல் வலிக்காகப் போன மாதம்தான் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாள். மகள் பெங்களூரில் ஏழு மாதக் கர்ப்பம், அவளும் கூடாது. வேறு யாரிடம் போய் இதைக் கேட்பது?

பத்து முறை. மனது என்ற கட்டத்தை டாக்டர் நிஜமாகவே படிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 29

ஆபீஸிலிருந்து வந்தால் வாசலில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் நிற்கிறது.

ஜெசிந்தா இரண்டு வருடம் என் அசிஸ்டென்ட். திண்டுக்கல் பெண். முப்பத்திரண்டு வயது இருக்கும். மூன்று வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கவுன்டரில் கையெழுத்துப் போட வந்தாலும் பக்கத்துக் கவுன்டருக்குப் போய்விடுவாள். காரணம் ஒரு விசாரணை. அவள் என்னைப் பற்றி இல்லாததை எழுதிக் கொடுத்தாள்.

இன்று கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா சந்தையில் அவளைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் சமையலறைக்குப் போய் மெதுவாகத்தான் திட்டினேன்.

"நாந்தானுங்க சொன்னேன். வேற ஆருகிட்டப் போய்க் கேக்கச் சொல்றீங்க?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் வெளியே வந்ததும் ஜெசிந்தா எழுந்து நின்றாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"கோவம் இல்லைன்னு சொன்னா பொய் சார். இருக்கு. அது வேற, இது வேற. டெஸ்டுக்கு எப்ப வரணும்னு மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு முறுக்கியது. நான் உள்ளே ஓடித் திரும்பி வருவதற்குள் சுலோச்சனா தேதி சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 3

எட்டு முறை. தயிர் சாதம்.

இன்று கவுன்டரில் கூட்டமில்லை. பழைய நாட்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெசிந்தா என்னிடம் வந்த புதிதில் டியூட்டிக்கு ஏறினால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். மே மாத வெயில், எஞ்சினுக்குள் அனல். பாட்டிலை அப்படியே திருப்பி எடுத்துப் போவாள். எட்டு மணி நேரம், சில நாள் பத்து. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. ஆண்கள் நாங்கள் வண்டி நிற்கும் இடத்தில் இறங்கிக்கொள்வோம். அவள் எங்கே இறங்குவாள்?

அதன்பிறகு பெரிய ஸ்டேஷன் வருவதற்கு முன்பே வாக்கி டாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிடுவேன். ஒரு ஸ்டேஷனில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் இருபதடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பாட்டு முணுமுணுப்பேன், ஆள் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிவதற்காக. எனக்குப் பாட்டு வராது. "சார், நீங்க பாடறதுக்கு அந்தக் கதவே தேவல" என்று ஒருநாள் சொன்னாள். மொரப்பூர் தாண்டும்வரை சிரித்தோம்.

டேனிஷ்பேட்டை ஏற்றத்தில் மார்கழிக் காலைகளில் பனி இறங்கியிருக்கும். சிக்னல் நிறம் முதலில் ஒரு கலங்கல் மாதிரி தெரியும், பிறகு தெளியும். இரண்டு பேரும் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் சற்றுக் கரகரப்பான குரலில் "பச்சை" என்பாள். நான் "பச்சை" என்பேன். நாளில் இருநூறு தடவை. வேறு பேச்சே இல்லாத நாட்களும் உண்டு. அலுத்ததே இல்லை.

மனது: நன்றாக இருந்தது.

பிப்ரவரி 10

ஜெசிந்தாவின் ரத்தம், மலம் எல்லாப் பரிசோதனையும் சரி. "இவ்வளவு நல்ல சாம்பிள் பாத்து நாளாச்சு" என்றார் டாக்டர். அவள் வெட்கப்பட்டாள். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 12

முதல் தடவை.

அவள் ஏழு மணிக்கே வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அதைக் கரைத்து வடிகட்டிப் பெரிய ஊசிக்குழல்களில் நிரப்பிக்கொண்டு வந்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். டீ நிறம்.

பிறகு நான்கு மணி நேரம் வலது பக்கம் சாய்ந்தபடி அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அடக்குவதில் எனக்கு இருக்கும் அனுபவம் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் இருக்காது. மூன்றே கால் மணி நேரம் தாங்கினேன்.

கிளம்பும்போது ஜெசிந்தாவிடம் நன்றி சொல்ல நினைத்தேன். இதற்கு எப்படிச் சொல்வது? "வரேம்மா" என்றேன். தலையாட்டினாள்.

பிப்ரவரி 19

எட்டு. ரத்தம் உண்டு. மாற்றமில்லை. லேசான காய்ச்சல்.

பிப்ரவரி 26

இரண்டாவது தடவை. நான்கு மணி நேரமும் தாங்கினேன்.

மார்ச் 7

ஐந்து. ரத்தம், மிகக் கொஞ்சம். நம்பாமல் இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 14

நான்கு. ரத்தம் இல்லை. இட்லி மூன்று, பருப்பு சாதம், ஒரு வாழைப்பழம்.

சுலோச்சனா இன்று விசாரணையைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னேன்.

மூன்று வருடம் முன்பு, நவம்பர். நிலக்கரி வண்டி. சேலத்துக்கு அப்பால் ஒரு சிறிய ஸ்டேஷன், சிவப்பு சிக்னல். நான் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா பயந்துபோய்த் தன் பக்கத்து அவசர பிரேக்கை இழுத்துவிட்டாள். பாரவண்டியில் அப்படி இழுத்தால் பின்னால் வரும் வேகன்கள் மோதித் தள்ளும். நடுவில் வேகன்களை இணைக்கும் கொக்கி ஒன்று அறுந்து வண்டி இரண்டாகிவிட்டது. யாருக்கும் அடியில்லை. நான்கு மணி நேரம் பாதை அடைபட்டது. விசாரணையில் நான் நடந்ததை எழுதினேன். அவளோ, சிக்னலை மூன்று முறை சொல்லியும் டிரைவர் அசையவில்லை என்று எழுதினாள். அந்த இடம் ஏற்றம். வேகம் தானாகவே குறைந்துகொண்டிருந்தது. அதனால் எஞ்சினின் பதிவுக் கருவியிலும் யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. என் சர்வீஸைப் பார்த்து என் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய டிரைவர் பதவி உயர்வு நின்றுபோனது. இன்றுவரை அசிஸ்டென்டாகத்தான் இருக்கிறாள்.

சுலோச்சனா முழுவதும் கேட்டாள். "அன்னிக்கும் வயிறு சரியில்லைங்களா?" என்றாள்.

அப்போதெல்லாம் கொஞ்சம்தான் என்றேன்.

மார்ச் 26

மூன்றாவது தடவை. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

ஏப்ரல் 6

மூன்று. மகளுக்குப் பெண் குழந்தை. பெங்களூருக்கு ரயிலில் போனோம். கழிவறைக்குப் பக்கத்து சீட்தான் பதிவு செய்திருந்தேன். போகும்போது ஒரு முறை எழுந்தேன், திரும்பி வரும்போது எழவில்லை.

ஏப்ரல் 23

நான்காவது தடவை. டாக்டர் கேமரா படத்தைக் காட்டினார். ஜனவரியில் எடுத்தது அரைத்த மிளகாய் மாதிரி இருந்தது. இன்றையது வெளிர் இளஞ்சிவப்பு. அங்கங்கே சின்னத் தழும்பு மட்டும். உடம்பு புதிய கிருமிகளோடு பழக ஆரம்பித்துவிட்டது, ஆனால் இது நிற்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்.

"இப்படியே இருந்தா வேலைக்கு ஃபிட்டுன்னு லெட்டர் தரேன். மறுபடி எஞ்சினுக்குக் கேட்டுப் பாருங்களேன்."

பெஞ்சில் இருந்த ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரிக்கப் போனாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மே 6

இரண்டு. ரத்தம் இல்லை.

எஞ்சின் வேலைக்கான மறுபரிசோதனை விண்ணப்பத்தை வாங்கி வந்தேன். மூன்று பக்கம். சுலோச்சனா பூஜை அலமாரியில் வைத்தாள்.

எஞ்சின் ஷெட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். எஞ்சின் மேல் எனக்கு ஒன்றும் பெரிய ஏக்கம் இல்லை. ஆனால் சில விஷயங்கள் இருக்கின்றன. பாரவண்டியை நிலையிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு கொக்கியாக இறுகிக்கொண்டு பின்னால் போகும் சத்தம். கடைசி வேகன் அசையும் கணம் நம் இடுப்பில் தெரியும். மழை முடிந்து சங்ககிரி தாண்டும்போது கண்ணாடி முழுக்க ஒட்டியிருக்கும் ஈசல். ஜோலார்பேட்டை ஓய்வறையில் எழுப்ப வரும் ஆள் கதவைத் தட்டாமல் கட்டில் காலைத் தட்டுவது. ஐயாயிரம் டன் பின்னால் வருகிறது, ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்போடு இருபத்தைந்து வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது பேனா பிடிக்கிறேன்.

மனது: மேலே எழுதியிருக்கிறேன்.

மே 21

ஐந்தாவது தடவை. சாய்ந்து படுத்திருந்தேன். சுலோச்சனா மருந்து வாங்கப் போயிருந்தாள். ஜெசிந்தா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேக்கலாமா சார்?"

கேள் என்றேன்.

"அன்னிக்கு நான் பிரேக்க இழுக்குறப்ப, உங்க கை ஏற்கெனவே பிரேக்ல இருந்துச்சா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "நான் இழுத்துட்டுத் திரும்பிப் பாத்தப்ப உங்க கை பிரேக்லதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பாத்தப்ப இல்லைன்னுதான் நான் எழுதினேன். ஆனா எல்லாரும் நீதான் பயந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே இப்ப தெரியல சார். சிக்னல் சிவப்பா தெரிஞ்சா, நெஜமாவே சிவப்புதானான்னு ரெண்டாவது தடவ பாக்குறேன். என் கண்ண நானே நம்புறதில்ல. டிரைவர் ஆனாலும் எப்படி ஓட்டுவேன்னு பயமா இருக்கு."

மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை, தலை சுற்றுகிறது என்றேன்.

"சரி சார்" என்று எழுந்து போனாள்.

மே 22

இரண்டு. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மே 27

விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கம் ஒன்பதாவது கேள்வி: பணிக்காலத்தில் ஏதேனும் விபத்து அல்லது விசாரணை உண்டா, உங்கள் பங்கு என்ன? மூடி வைத்தேன்.

ஜூன் 1

இந்தப் பக்கத்தை டாக்டருக்குக் காட்டப் போவதில்லை.

அந்த நவம்பருக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று சுலோச்சனாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று டியூட்டிக்கு ஏறும்போதே வலி. அந்த ஸ்டேஷன் நெருங்கும்போது தாங்க முடியாமல் முன்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது வரை எண்ணினால் ஒரு முறுக்கு அடங்கும். முப்பதில் ஜெசிந்தா "சிவப்பு" என்றாள். கேட்டது. பதில் சொல்லவில்லை. மறுபடி "சிவப்பு" என்றாள். மூன்றாவது முறை "சார்" என்று கத்தினாள். அப்புறம் வண்டி குலுங்கியது.

சிக்னலை நான் பார்க்கவே இல்லை. என் கை வயிற்றில் இருந்தது.

வண்டி நிற்பதற்குள், அவள் மறுபடி என் பக்கம் திரும்புவதற்குள், கையை எடுத்து பிரேக்கின் மேல் வைத்தேன். அவள் கடைசியாகப் பார்த்தது அந்தக் கையைத்தான்.

அவள் இழுக்காமல் இருந்திருந்தால் சிவப்பைத் தாண்டியிருப்போம். அந்தப் பக்கம் பயணி வண்டி ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

இதை எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு முறைகூட எழுந்து போகவில்லை.

ஜூன் 4

சுலோச்சனாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் ஆய்ந்து முடித்தாள். "அந்தப் புள்ளை நம்ம ஊட்டுல காபி குடிச்சுட்டுப் போச்சுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 9

நடந்ததை நான்கு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு ஆபீஸரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கேஸ் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு வையாபுரி. கோயம்புத்தூர் டாக்டரோட ஃபிட் லெட்டர் வேற வந்திருக்கு. இத நான் வாங்கினா நீங்க எஞ்சினுக்குத் திரும்பவே முடியாது. தண்டனையும் வரும். எடுத்துட்டுப் போயிடுங்க, நான் பாக்கல."

பெறப்பட்டது என்று முத்திரை வேண்டும் என்றேன். முத்திரை போட்டுக் கொடுக்கும்வரை நின்றேன். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயிறு சும்மா இருந்தது.

ஜூன் 18

கடைசித் தடவை.

ஜெசிந்தா டப்பாவைக் கொடுப்பதற்கு முன்பே நகலை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அவளிடம் அதை வாங்கிக்கொண்ட பிறகு கொடுப்பது முறையில்லை. பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கை வயித்துல இருந்துச்சு" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் பாத்தது சரி."

"நீ பாத்தது சரிம்மா."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றாள், முகத்தை மூடிக்கொண்டு. அரை மணி நேரம் ஆயிற்று. நர்ஸ் என்னிடம், இன்றைக்கு டோனர் வரவில்லையா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஒன்பதரை மணிக்கு நர்ஸ் ஊசிக்குழல்களோடு உள்ளே வந்தார். ஜெசிந்தா கொடுத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாளாம். சுலோச்சனாவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறாள்: "அக்கா, இப்ப எனக்கு சார்கிட்டப் பேச வரல. வந்தாப் பேசுறேன்னு சொல்லுங்க."

நான்கு மணி நேரம் படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 20

இரண்டு. ரத்தம் இல்லை. விசாரணையை மறுபடி திறந்து முடித்துவிட்டார்கள். எனக்குத் தண்டனை, இனி எஞ்சின் இல்லை, ஓய்வு பெறும்வரை கவுன்டர்தான். ஜெசிந்தாவின் பதிவிலிருந்து பழியை நீக்கி, டிரைவர் பயிற்சிக்கு அனுப்ப உத்தரவு வந்திருக்கிறது. உத்தரவை என் கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் பலகையில் நான்தான் ஒட்டினேன். சுலோச்சனா பூஜை அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் வெந்நீர் அடுப்பில் போட்டாள். இருவரும் மாலையில் நடந்துபோய் ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் குடித்தோம்.

அக்டோபர் 9

இனி எழுதத் தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் போன வாரம் சொல்லிவிட்டார். இன்று மட்டும் எழுதுகிறேன்.

காலை ஷிப்ட். வரிசையில் ஏழெட்டுப் பேர். பக்கத்துக் கவுன்டரில் வரிசையே இல்லை, அங்கே எழுதுபவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா என் வரிசையில் நின்றாள். புதுச் சட்டை, கையில் டிரைவர் பெட்டி. குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் கருவியில் ஊதினாள். நான் பதிவேட்டைத் திருப்பி வைத்தேன். டிரைவர் என்று போட்டிருக்கும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு சார்?"

ஒன்பது மாதப் பழக்கம். வாய் தானாகவே சொல்லிவிட்டது. "ரெண்டு தடவை. ரத்தம் இல்லை. இட்லி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார்கள். யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமா அது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். "வரேன் சார்" என்றாள். எந்த லைனில் வண்டி நிற்கிறது என்று சொன்னேன். போனாள். அடுத்து நின்ற ஆளின் பெயரைக் கேட்டு எழுதினேன்.